தொடக்ககால ஜெர்மானிய மின்னணு இசையைக் கேட்கப் பழகுவது எப்படி

ஜெர்மனியின் தொடக்ககால மின்னணு இசையைக் கேட்க விரும்புவோர் பெரும்பாலும் கருவியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி), யார் அதை முதலில் வாங்கினார் என்று தேடிப் போகிறார்கள். அந்த வழியில் இசை பிடிபட நெடுநாளாகும் என்பது என் கருத்து. ஊரிலிருந்து தொடங்குவதே நல்லது. கொலோனில் ஒரு வானொலி நிலையமும், மேற்கு பெர்லினில் ஓர் இளைஞர் கூடமும், டுசல்டோர்ஃபில் ஓர் ஓவியக் கல்லூரியைச் சுற்றியிருந்த வட்டாரமும் இந்த இசையை மூன்று வேறு விதமாக வளர்த்தன. ஆகவே ஒவ்வொரு பதிவையும் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த ஊரில் உருவானது, யாரிடமிருந்து எதைப் பெற்றது, எதை வேண்டாமென்று ஒதுக்கியது? மூன்றாவது கேள்விக்கான விடையில்தான் இந்த இசையின் அடையாளம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

முதல் பதிவாக, டுசல்டோர்ஃபின் க்ராஃப்ட்வெர்க் குழு 1974 நவம்பரில் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ தொகுப்பின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வானொலிகளுக்காக மூன்றரை நிமிடமாகச் சுருக்கப்பட்ட வடிவத்தைத் தவிர்த்து, 22 நிமிடத்துக்கும் மேல் ஓடும் முழு வடிவத்தையே கேளுங்கள். கார்க் கதவு சாத்தப்படும் ஓசையில் தொடங்கும் இந்தப் பாடலை முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை அதில் இருக்கும் புல்லாங்குழலையும் கிதாரையும் தேடிப் பிடியுங்கள். முழுக்க முழுக்க இயந்திரத்தின் குரல் என்று பேர்பெற்ற பாடலில் மரபான கருவிகள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்பது அப்போது விளங்கும். ‘ஃபாரன், ஃபாரன், ஃபாரன்’ (வண்டியில் போகிறோம், போகிறோம்) என்று வரும் பாடல்வரி, கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழு கார்களையும் கடற்கரையையும் பற்றிச் சேர்ந்திசையாகப் பாடிய முறையை நினைவூட்டும். அமெரிக்கரின் நெடுஞ்சாலைப் பாட்டு அங்கே ஜெர்மன் மொழியில், ஜெர்மன் நெடுஞ்சாலையைப் பற்றியதாக மாறியிருக்கிறது. இந்த ஒரு பாடலில் கடனும் மாற்றமும் அருகருகே தெரிவதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்து இருபது ஆண்டுகள் பின்னோக்கிக் கொலோனுக்குச் செல்லுங்கள். 1951 அக்டோபரில் அங்கிருந்த வானொலி நிலையம் மின்னணு இசைக்கென ஒரு கூடம் அமைக்க முடிவு செய்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் ஐமெர்ட், ஒலிப் பொறியியலில் ஈடுபாடு கொண்ட ராபர்ட் பேயர், பான் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பியல் ஆராய்ந்த வெர்னர் மேயர்-எப்லர் ஆகியோர். மின்னலைகளை உண்டாக்கும் அலையியற்றிகள், ஒலியின் சில பகுதிகளை நீக்கும் வடிகட்டிகள், ஒலிநாடாப் பதிவுக் கருவிகள் என்று அந்தக் கூடத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி, ஒலிபரப்புக்கும் அளவீட்டுக்கும் செய்யப்பட்ட சாதனங்களே. கூடத்தின் செலவைப் பொது ஒலிபரப்பு நிறுவனமே ஏற்றதால் இசைத்தட்டு விற்குமா என்ற கவலை அங்கே பணியாற்றியவர்களுக்கு இல்லை. அந்த இசையின் பொறுமையும் பிடிவாதமும் ஓரளவு இந்தச் சூழலிலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன்.

கொலோன் இசையைக் கேட்பதற்கு முன், பாரிஸில் பியர் ஷேஃபர் 1948இல் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து அமைத்த சிறு ஆக்கத்தைக் கேளுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. உலகில் ஏற்கெனவே ஒலிப்பதை எடுத்து வெட்டி ஒட்டுவது பாரிஸின் வழி. அதை உடனே தொடர்ந்து இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1954இல் கொலோனில் முடித்த ‘ஸ்டூடியே 2’ ஆக்கத்தைக் கேளுங்கள். இதுவும் சில நிமிடங்களே ஓடும். இதில் பதிவுசெய்த உலக ஒலி எதுவுமில்லை. ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய சைன் ஒலிகள் ஐந்தைந்தாகச் சேர்க்கப்பட்டு, எதிரொலி அறையில் ஒலிக்கவிடப்பட்டு, மீண்டும் பதிவுசெய்யப்பட்டன. வழக்கமான பன்னிரண்டு சுரப் பகுப்பையும் விட்டுவிட்டு, 81 அதிர்வெண்கள் கொண்ட தனி வரிசையை அவர் இதற்காக வகுத்தார். முதல் முறை கேட்கையில் மணியோசையும் உலோக உரசலும் கலந்ததுபோல் இருக்கும். மறுபடியும் கேட்டால் ஒலித்திரள்கள் வந்து மறையும் வேகங்களில் உள்ள ஒழுங்கு புலப்படத் தொடங்கும். மெட்டைத் தேடாமல் அந்த வேகங்களை மட்டும் பின்தொடருங்கள்.

பிறகு அவருடைய ‘கெசாங் டேர் யூங்லிங்கே’ ஆக்கத்துக்கு வாருங்கள். 1956 மே மாதம் கொலோனில் அரங்கேறிய இந்தப் பதின்மூன்று நிமிட ஆக்கம், விவிலியத்தின் தானியேல் நூலில் தீச்சூளையில் எறியப்பட்ட மூன்று இளைஞர் பாடும் துதியை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சிறுவனின் குரலைப் பதிவுசெய்து, அதை உயிரொலி மெய்யொலியாகப் பிரித்து, மின்னணு ஒலியோடு இழைத்திருக்கிறார்; பாரிஸின் வழியும் கொலோனின் வழியும் இங்கே ஒன்றாகின்றன. சொற்கள் எந்த இடத்தில் புரிகின்றன, எந்த இடத்தில் வெறும் ஒலியாகின்றன என்பதைக் கவனித்துக் கேளுங்கள். அரங்கேற்றத்தில் ஐந்து இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. இன்று கிடைப்பது பெரும்பாலும் இரு தட (ஸ்டீரியோ) வடிவமே என்றாலும், ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் இடம்பெயர்வதை ஓரளவு உணரலாம். நான் இந்த வரிசையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைப்பேன்.

கொலோனின் அடையாளத்தை ‘ஜெர்மானியம்’ என்ற ஒரே முத்திரைக்குள் அடக்கிவிடக் கூடாது. சுரங்களையும் அவற்றின் நீளத்தையும் முன்கூட்டி வகுத்த வரிசைப்படி அமைக்கும் தொடரிசை முறை அங்கே பின்பற்றப்பட்டது; அதற்கு வழிகாட்டியவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் வேபெர்ன். மேயர்-எப்லருக்கு, மனிதக் குரலைப் பகுத்து மீண்டும் ஆக்கும் வோக்கோடரை 1948இல் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி. 1956இல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த லிகெட்டி, பெல்ஜியத்தின் குய்வார்ட்ஸ், அர்ஜென்டினாவிலிருந்து வந்த காகெல் எனப் பல இசையமைப்பாளர்கள் அந்தக் கூடத்தில் பணியாற்றினர். நாஜி ஆட்சியில் புதிய இசைக்குக் கதவடைத்திருந்த ஒரு நாடு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இத்தனை நாட்டவரையும் வரவழைத்து வேலை செய்ய இடம் கொடுத்தது. இதை மனத்தில் வைத்துக் கேட்டால் அந்த ஒலிகளின் இறுக்கம் வேறு பொருள் தரும்.

மேற்கு பெர்லினுக்கு வரும்போது பதிவின் ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 1970-72 காலத்துப் பதிவுகள் பலவற்றில் சிந்தசைசரே கிடையாது. 1968 வாக்கில் கான்ராட் ஷ்னிட்ஸ்லரும் ஹான்ஸ்-யோவாகிம் ரோடெலியஸும் இணைந்து நடத்திய ‘ஸோடியாக்’ கூடத்தில் ஓர் அறைக்குக் கறுப்பும் மற்றதற்கு வெள்ளையும் பூசப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். சில காலமே இயங்கிய அந்த இடத்திலிருந்து ஒரு தலைமுறை கிளம்பியது. டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் தொகுப்பான ‘எலெக்ட்ரானிக் மெடிட்டேஷன்’ 1970இல் வந்தது. எட்கர் ஃப்ரோஸ, கிளவுஸ் ஷுல்ட்ஸ, ஷ்னிட்ஸ்லர் ஆகிய மூவரும் கிதார், முரசு, செல்லோ, ஆர்கன், ஒலிநாடா ஆகியவற்றைக்கொண்டே அதை உருவாக்கினர். 1972இல் ஷுல்ட்ஸ தனியாக வெளியிட்ட ‘இர்லிஷ்ட்’ தொகுப்பும் அத்தகையதே: மாற்றியமைத்த மின் ஆர்கனும், பின்னோக்கி ஓடவிட்ட ஆர்கெஸ்ட்ராப் பதிவுமே அதன் மூலப்பொருள்கள். கருவி வருவதற்கு முன்பே காது தயாராகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே ‘இர்லிஷ்ட்’ கேட்டபின் டேஞ்சரின் ட்ரீம் குழுவின் 1974 தொகுப்பான ‘ஃபேட்ரா’ கேளுங்கள். மூக் என்ற அமெரிக்க சிந்தசைசரின் சீக்வென்சர் (சுரத்தொடரைத் தானே வாசிக்கும் பகுதி) ஒரே சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதை அதில் கேட்பீர்கள். அறையின் வெப்பநிலை மாறியபோது அந்தக் கருவியின் சுருதி நழுவியதும் பதிவில் அப்படியே இருக்கிறது.

அந்தத் திரும்பச் சொல்லும் முறை எங்கிருந்து வந்தது என்றறிய, அமெரிக்கரான டெரி ரைலி 1969இல் வெளியிட்ட ‘எ ரெயின்போ இன் கர்வ்டு ஏர்’ தொகுப்பை அடுத்துக் கேளுங்கள். உறவு உடனே காதில் விழும். வேறுபாடும் விழும்: ரைலியின் இசை சுறுசுறுப்பாக மின்னுகிறது, பெர்லின் இசை இருளில் மெல்ல விரிகிறது. ஷுல்ட்ஸ 1975இல் வெளியிட்ட ‘டைம்விண்ட்’ தொகுப்பின் இரு பகுதிகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய ஓபரா இசையமைப்பாளர் வாக்னரை நினைவூட்டும் தலைப்புகளே வைத்தார். அந்த நீண்ட, மெதுவான ஏற்றத்தில் அந்த நூற்றாண்டின் ஓசை கேட்கிறது.

மியூனிக்கைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அங்கே ஃப்ளோரியன் ஃப்ரிக்க நடத்திய பொபோல் வூ குழு, மூக் கருவியை வைத்து 1970இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1972இன் ‘ஹோசியானா மந்த்ரா’ தொகுப்பில் அதைக் கைவிட்டுப் பியானோவுக்கும் ஓபோ என்ற ஊதுகருவிக்கும் தம்புராவுக்கும் திரும்பியது. தம்புராவின் சுருதியில் பழகிய காதுகளுக்கு இந்தத் தொகுப்பு மிக எளிதில் இசையும்.

டுசல்டோர்ஃபுக்குத் திரும்பும்போது முதலில் நொய் குழுவின் ‘ஹாலோகாலோ’ கேளுங்கள். 1972இல் வந்த இந்தப் பத்து நிமிடப் பாடல் மின்னணு இசையன்று; கிதாரும் முரசும்தான். ஆனால் கிளவுஸ் டிங்கர் முரசில் எங்கும் நிறுத்தாமல், எந்த உச்சத்தையும் நோக்கிப் போகாமல் தட்டிக்கொண்டே செல்லும் அந்த நேர்கோட்டுத் தாளம் இல்லாமல் ‘ஆட்டோபான்’ புரியாது. டிங்கரும் மிக்கேல் ரோத்தரும் க்ராஃப்ட்வெர்க்கிலிருந்து பிரிந்தவர்கள். இரண்டு பதிவுகளிலும் ஒலிப்பதிவாளராகப் பங்காற்றியவர் கான்னி பிளாங்க். அமெரிக்க ராக் இசைக்கு அடித்தளமான ப்ளூஸ் வடிவத்தை இவர்கள் ஒதுக்கினார்கள். நாட்டின் வானொலிகளில் ஓயாமல் ஒலித்த ‘ஷ்லாகர்’ மெல்லிசையையும் ஒதுக்கினார்கள். போருக்குப் பிறகு பிறந்த அல்லது போர்க்காலத்தில் குழந்தைகளாயிருந்த இவர்களுக்கு, பெற்றோர் தலைமுறையிடமிருந்து பெருமையோடு எடுத்துக்கொள்ளக்கூடிய பாடல் மரபு அதிகமில்லை. ஆகையால் அவர்கள் 1933க்கு முந்திய நவீன கலைக்கும், கண்முன் எழுந்துகொண்டிருந்த புதிய கட்டடங்களுக்கும், சாலைகளுக்கும், ரயில்களுக்கும் சென்றார்கள். க்ராஃப்ட்வெர்க்கின் ஃப்ளோரியன் ஷ்னைடரின் தந்தை, கொலோன்-பான் விமான நிலைய முனையத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் என்பது இங்கே பொருத்தமான செய்தி. 1978இன் ‘மனித இயந்திரம்’ தொகுப்பின் உறை ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கியின் பாணியைத் தழுவியது. அதில், 1927இல் வந்த ஃப்ரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் திரைப்படத்தின் பெயரைக் கொண்ட ‘மெட்ரோபோலிஸ்’ என்றொரு பாடலும் உண்டு.

இப்போது ஷேஃபரின் ரயிலை மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டு, க்ராஃப்ட்வெர்க்கின் 1977 தொகுப்பான ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ஸின் தலைப்புப் பாடலையும் அதைத் தொடரும் ‘மெட்டல் ஆன் மெட்டல்’ பகுதியையும் ஒரே மூச்சில் கேளுங்கள். பாரிஸில் வெட்டி ஒட்டப்பட்ட ரயில் ஓசை இங்கே நடனமாடக்கூடிய தாளமாகியிருக்கிறது. பெல் ஆய்வகத்தின் வோக்கோடர் இவர்களிடம் பாடகராகவே மாறிவிட்டது.

கடைசியாக அதே குழுவின் 1981 ‘கம்ப்யூட்டர் வேர்ல்டு’ தொகுப்பிலிருந்து ‘நம்பர்ஸ்’ பாடலைக் கேட்டு, உடனே நியூயார்க்கின் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவருடைய குழுவும் 1982இல் வெளியிட்ட ‘பிளானட் ராக்’ பாடலைப் போடுங்கள். ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டும் ‘நம்பர்ஸ்’ தாளமும் அதில் ஒன்றாக வருவதை உங்கள் காதே அடையாளம் காணும். அங்கிருந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த மின்னணு நடன இசையான டெக்னோவுக்குச் செல்வது அடுத்த வரிசை. அதற்கு முன் ‘ஸ்டூடியே 2’ ஆக்கத்தை மீண்டும் ஒருமுறை, வேறெதையும் செய்யாமல், முழுதாகக் கேட்டுவிடுங்கள்.