மாணவர் தாளில் உங்கள் கை: ஓவியரும் டிசைனரும் வாத்தியாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு வருடம் விளம்பர வேலையும் புத்தக வடிவமைப்பும் செய்துவிட்டு, ஒரு கவின் கலைக் கல்லூரியில் விசிட்டிங் ஆசிரியராக முதல் நாள் போய் நின்றபோது எனக்கு இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வேலை தெரியும், அதனால் சொல்லித்தரவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரமே ஒரு மாணவியின் போஸ்டர் முன்னால் உட்கார்ந்து, "இங்க குடும்மா" என்று பென்சிலை வாங்கி, பத்தே நிமிடத்தில் லேஅவுட்டைச் சரிசெய்து கொடுத்தேன். சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மறுநாள் அவள் அந்தத் தாளைக் கொண்டுவரவில்லை, புதிதாகவும் எதுவும் போடவில்லை. கேட்டதற்கு, "அது இப்ப உங்க போஸ்டர் சார்" என்றாள். கோபமெல்லாம் இல்லை, பஸ் போய்விட்டது என்பதுபோல் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

தொழிலில் இருந்து வகுப்புக்கு வருகிற எல்லோரும் செய்கிற முதல் தவறு இதுதான்: மாணவரின் தாளில் கை வைப்பது. கை துறுதுறுவென்றுதான் இருக்கும். தப்பு எங்கே என்று நமக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது, அதை வாயால் விளக்க இருபது நிமிடம் ஆகிறது, அதனால் கை முந்திக்கொள்கிறது. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குத்தான் கல்லூரி நமக்குச் சம்பளம் தருகிறது. வரைந்துதான் காட்டியாக வேண்டும் என்றால் தாளின் மேல் ட்ரேஸிங் ஷீட் போட்டு வரையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டு அதை அங்கேயே கிழித்துப் போடுங்கள். களிமண் வேலையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மாணவர் செய்த முகத்தின் மேல் ஒரு தடவை கட்டைவிரலை ஓட்டினால் போதும், பழைய முகம் திரும்பி வராது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது நம்மைப்போலவே பத்துப் பேரை உருவாக்கிவிடுவது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. நமக்குப் பிடித்த மாதிரி ஒருவன் வரைந்தால் முகம் மலர்கிறது, மற்றவன் வரைந்ததைப் பார்க்கும்போது மலர்வதில்லை, பையன்கள் இதை ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மார்க் வேறு நம் கையில் இருக்கிறதே.

சென்னை கலைப் பள்ளியின் கதையையே பாருங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 1929இல் அதன் தலைமைக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை இருந்தார். மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலை அவருடையது: தசையும் நரம்பும் புடைக்க, பாறையை நெம்பும் உடல்கள். அவரிடம் படித்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். அவர் கடைசியில் எழுத்துகளும் குறிகளும் கட்டங்களும் நிரம்பிய, ஜாதகக் கட்டம் போன்ற ஓவியங்களுக்குப் போய்ச் சேர்ந்தார். அதே ராய் சௌத்ரியிடம் படித்த தனபால் சிற்பத்தில் வேறொரு வழியைப் பிடித்தார். மூன்று பேரின் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பள்ளிக்கூடம் என்று சொல்ல முடியாது. சாந்திநிகேதனிலும் இதேதான், நந்தலால் போஸிடம் படித்த ராம்கிங்கர் பைஜும் வினோத் பிகாரி முகர்ஜியும் ஒருவருக்கொருவர் சாயல் இல்லாதவர்கள், ஆசிரியரின் சாயலும் இல்லை. ராம்கிங்கர் 1938இல் சிமென்டையும் செம்மண் சரளையையும் அப்பித் திறந்தவெளியில் சந்தால் குடும்பத்தை நிற்கவைத்தார். நந்தலாலின் நேர்த்தியான கோட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தை ஆசிரியர் அனுமதித்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருடக் கடைசி கண்காட்சியில் பெயர்ச் சீட்டுகளை மறைத்துவிட்டுச் சுற்றி வாருங்கள். ஆசிரியர் யாரென்று தெரிகிறது, மாணவர் யாரென்று தெரியவில்லை என்றால் எங்கோ கோளாறு.

சரி, அடுத்தது ரெவ்யூ, அதாவது மாணவர் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. டிசைனர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கிளையன்ட் நம்மிடம் பேசிய பாஷையிலேயே நாம் மாணவரிடம் பேசுகிறோம். "பாப் ஆகலையே", "இது விற்காது", "வேற ஏதாவது ட்ரை பண்ணு". இந்த வார்த்தைகளைக் கேட்டு நாமே எத்தனை ராத்திரி எரிச்சலோடு உட்கார்ந்திருப்போம்! ஓவியர்கள் இதற்கு நேர் எதிர், தாளையே பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு "ம்ம், தேடு" என்று சொல்லி அடுத்த மாணவரின் ஓவியத் தாங்கிக்கு நகர்ந்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அந்த "தேடு" புரியலாம், திங்கட்கிழமை காலையில் புரியாது. நான் இப்போது மூன்று விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: கண்ணுக்கு முதலில் என்ன படுகிறது என்று சொல்வது, நீ எதை முதலில் படவைக்க நினைத்தாய் என்று கேட்பது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அது எதனால் என்று இருவருமாகத் தேடுவது. பிடித்திருக்கிறதா இல்லையா என்ற பேச்சு கடைசியில்தான், அதுவும் கேட்டால் மட்டும். அப்புறம், வகுப்பே கூடியிருக்கும்போது ஒருவரின் வேலையைக் கிண்டல் செய்து மற்றவர்களைச் சிரிக்கவைப்பது நம் ஊரில் இன்னும் ஒரு திறமையாகவே மதிக்கப்படுகிறது. எனக்கும் அந்தத் திறமை இருந்தது. அதனால் ஒரு பையன் ஒரு செமஸ்டர் முழுவதும் கடைசி வரிசையில் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு தவறு தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கே உரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளிலும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும் சேர்கிற பிள்ளைகளில் சிலர் வீட்டிலிருந்தே ஒரு தொழிலோடு வருகிறவர்கள். தாத்தா ஸ்தபதியாக இருப்பார், மாமா சினிமா பேனர் வரைந்தவராக இருப்பார், அப்பா கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவராக இருப்பார், ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவராக இருப்பார். இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் போய், "இது சைன்போர்டு மாதிரி இருக்கு" என்று திட்டுகிறோம். எதைத் திட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இருபது அடி முகத்தைக் கட்டம் போட்டுப் பெருக்கி, பக்கத்தில் நின்றால் வெறும் வண்ணத் திட்டுகளாகவும் தெருமுனையில் நின்றால் கண்ணீர் முட்டிய கண்ணாகவும் தெரிகிற மாதிரி வரைந்த கை அது. அந்தக் கணக்கை நாம் அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைப்போகிராஃபி வகுப்பில், அதாவது எழுத்து வடிவமைப்பு வகுப்பில், இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். ரோமன் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பாடம் நடத்திவிட்டு, கடைசி வாரத்தில் "இதையே தமிழிலும் செய்யுங்கள்" என்பார்கள். இதையே செய்ய முடியாது. தமிழில் 247 எழுத்து. ண ஒரு வீட்டு அகலம், ர ஒரு கதவு அகலம். ஈகாரக் கொம்பு மேலே ஏறும், ஊகாரச் சுழி கீழே இறங்கும், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. ரோமனுக்குப் போதுமான வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே கொடுத்தால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும்வரை, லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடுதான் அச்சாகின. பழைய கடைப்பலகைகளில் இன்றும் பார்க்கலாம். ஒரு நாள் வகுப்பைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் இவற்றைப் படமெடுத்து வரச் சொன்னால், நான் போட்ட எந்த ஸ்லைடைவிடவும் அதிகம் தேறும். ஆங்கிலக் கலைச்சொல் தெரியாத பிள்ளை மக்கு என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான். "நெகட்டிவ் ஸ்பேஸ்" என்றால் விழிப்பாள், கோலத்தில் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் விடுகிற இடத்தைக் கேட்டால் நமக்கே பாடம் எடுப்பாள்.

சாமான் விலையையும் மறந்துவிடக் கூடாது. இறக்குமதித் தாளும் ஆர்ட்டிஸ்ட் தர ஆயில் கலரும் நமக்குப் பழகியவை, விடுதியில் தங்கிப் படிக்கிற முதல் வருட மாணவருக்கு அது ஒரு வார மெஸ் பணம். பயிற்சிக்குக் கேட்ரிட்ஜ் ஷீட்டும் போஸ்டர் கலரும் போதும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். நமக்குக் கிடைத்த வெளி வேலைக்கு, அனுபவம் கிடைக்கும் என்று சொல்லி, மாணவர்களைச் சும்மா வேலை வாங்குவது. குருகுல மரபு என்று இதற்கு ஒரு நியாயமும் தயாராக இருக்கும். மரபு இருப்பது உண்மைதான். சாந்திநிகேதனின் இந்தி பவனச் சுவரில் வினோத் பிகாரி முகர்ஜி 1946-47இல் வரைந்த மாபெரும் சுவரோவியத்தில் மாணவர்கள் கூட நின்று வேலை செய்தார்கள், பிற்காலத்தில் பரோடாவில் பெயர்பெற்ற ஆசிரியராக விளங்கிய கே.ஜி. சுப்ரமணியன் அவர்களில் ஒருவர். இந்திய அரசியலமைப்பின் மூலப் பிரதியை அலங்கரிக்கும் பொறுப்பு நந்தலாலுக்கு வந்தபோதும் மாணவர்கள்தான் துணை. ஆனால் முகவுரைப் பக்கத்தை வரைந்த மாணவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹாவின் சுருக்கக் கையெழுத்து அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியலமைப்பில் மாணவன் பெயருக்கு இடம் கிடைத்திருக்கிறது, நம் மால் சுவர் ஓவியத்தில் கிடைக்காதா? பெயர் போடுங்கள், பணமும் கொடுங்கள், மார்க் போடுகிற செமஸ்டரில் அவரை அழைக்காதீர்கள், ஏனென்றால் அப்போது அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

பணப் பேச்சு என்றால் கலைக் கல்லூரிகளில் ஒரு கூச்சம். நான்கு வருடம் படித்து வெளியே வருகிற பையனுக்குக் கொட்டேஷன் எழுதத் தெரியாது, முன்பணம் கேட்கத் தெரியாது. தொழிலில் இருந்து வருகிற நம்மிடம் இருக்கிற, முழுநேர ஆசிரியர் பலரிடம் இல்லாத ஒரே சரக்கு இதுதான், அதையும் நாம் மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டு அழகியல் பேசப் போகிறோம். பணிக்கருக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. படித்து முடித்தவர்கள் பிழைப்புக்காக வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து, பத்திக் என்ற மெழுகுச் சாயத் துணி போன்ற கைவினைகளை விற்றுப் பணம் சேர்த்து, இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக வழி செய்தார்.

குறைந்தபட்சம் பதிப்புரிமைக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். 1957ஆம் வருடச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர், ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வேலையில் இருந்துகொண்டு செய்ததும் பொதுவாக முதலாளிக்குத்தான். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டால் 19ஆவது பிரிவு அதை ஐந்து வருடமாக எடுத்துக்கொள்கிறது, எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா. இதைச் சொன்ன அன்றைக்குத்தான் என் வகுப்பில் எல்லோரும் நோட்டை எடுத்து எழுதினார்கள்.

லைஃப் ஸ்டடி, அதாவது ஆளை நேரில் உட்காரவைத்து வரையும் வகுப்பு, நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாடலாக உட்காருகிறவர் பூச்சாடி இல்லை. இடைவேளை, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், அப்புறம் அறைக்குள் செல்போனை எடுக்கவே கூடாது என்ற கண்டிப்பு, இவ்வளவும் ஆசிரியர் பொறுப்பு.

மார்க் விஷயத்தில் பெரிய தவறு, கடைசித் தாளை மட்டும் பார்த்துப் போடுவது. ரஃப் ஸ்கெட்சுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், எதற்கு எத்தனை மார்க் என்று வேலை கொடுக்கும் நாளிலேயே போர்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க் சண்டை வரும்போது உங்கள் பக்கம் பேச ஒரு காகிதமும் இருக்காது.

கடைசியாக நேரம். கண்காட்சி வந்தால், டெட்லைன் வந்தால், வகுப்புக்கு மட்டம் போட நமக்கு எப்போதும் ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. சேரும்போதே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், திருத்தும் வேலையும் ரெவ்யூவும் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த புரொபசர் ஆஃப் பிராக்டிஸ் திட்டத்தில், அதாவது தொழில் அனுபவம் உள்ளவர்களை ஆசிரியராக எடுக்கும் திட்டத்தில், சேர்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அது நிரந்தர வேலை இல்லை. மூன்று வருடம், விதிவிலக்காக இன்னொரு வருடம், அவ்வளவுதான். அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் என்றால் பில் எந்தத் தேதிக்குள் போக வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்துக்குப் பிறகு எந்த மேஜைக்குப் போகும் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். நான் அதை மூன்றாவது மாதம்தான் கேட்டேன், முதல் இரண்டு மாதத்துப் பணம் அடுத்த நிதியாண்டில் வந்தது.