புது எம்எல்ஏ யாரு, எப்படி மேல வந்தாருன்னு நாமளே பாக்குறது எப்படி

ரிசல்ட் வந்த மறுநாளே வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சிடும், ஏழை வீட்டுப் புள்ளன்னு ஒரு ஃபார்வர்டு, நில புரோக்கர்னு இன்னொண்ணு. ரெண்டையும் ஓரமா வெச்சிட்டு, அவரே கையெழுத்துப் போட்டு வேட்புமனுவோட குடுத்த அஃபிடவிட்டை, அதாவது சொத்து, வருமானம், வழக்கு எல்லாம் சொல்ற உறுதிமொழிப் பத்திரத்தை எடுங்க, படிவம் 26ன்னு பேரு.

அதுக்கு முன்னாடி தொகுதி கரெக்டா தெரியணும். உதாரணத்துக்கு சேலம் மாவட்டத்தை எடுத்துக்கோங்க, மொத்தம் 11 தொகுதி. ஏற்காடுன்னா மலை மட்டும் கெடையாது, கீழ வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமும் சேர்ந்துதான் வருது. எம்பி தேர்தலுக்கோ ஏற்காடு கள்ளக்குறிச்சியோட போயிடும், அதனால அந்தப் பக்கத்துக்காரங்க சேலம் எம்பியைத் தேடிட்டு இருக்காதீங்க.

தேர்தல் கமிஷனோட அஃபிடவிட் சைட்ல தேர்தல், மாநிலம், தொகுதின்னு செலக்ட் பண்ணா பிடிஎஃப் ஃப்ரீயா இறங்கும். வேட்பாளர்களோட அஃபிடவிட் விவரங்களைத் தொகுத்துப் போடுற மைநேட்டா சைட்ல சுருக்கம் இருக்கு, வசதிதான், ஆனா கண்டிப்பா ஒரிஜினலையும் ஒரு தடவை படிச்சிருங்க.

சொத்துப் பக்கத்துலதான் நெறைய நேரம் செலவு பண்ணணும். விவசாய நிலம்னா சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், பூர்வீகமா இல்ல காசு குடுத்து வாங்குனதா, வாங்குன தேதி, அன்னைக்குக் குடுத்த விலை, இன்னைக்கு மதிப்பு எல்லாம் தனித்தனியா இருக்கும். அந்த சர்வே நம்பரை வெச்சு ஆன்லைன்ல பட்டா பாக்கலாம், பதிவுத்துறை சைட்ல வில்லங்கமும் பாக்கலாம். மலையில ஒரு காப்பித் தோட்டம் காட்டியிருக்காருன்னு வைங்க, அப்பா வழியில வந்ததா, போன தேர்தலுக்கு அப்புறம் வாங்குனதாங்கறது அந்தத் தேதியிலயே தெரிஞ்சிடும். முன்னாடியும் நின்னவருன்னா பழைய அஃபிடவிட்டையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, நில விலை தானா ஏறுனதையும் புதுசா வாங்குனதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, அது நியாயம் இல்ல. அஞ்சு வருஷ வருமானக் கணக்கும் அதுலயே இருக்கு.

வழக்கு எத்தனைன்னு எண்ணிட்டு மட்டும் விட்டுடாதீங்க, செக்‌ஷனைப் பாருங்க. பழைய ஐபிசில, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல, 143, 188, 341ன்னா பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டம்னு போட்ட கேஸா இருக்கும், 420, 406ன்னா மோசடி சமாச்சாரம். 2024 ஜூலை 1லேர்ந்து நடந்த குற்றம்னா அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டமான பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) நம்பர் வரும், 420 இப்போ 318. கோர்ட் குற்றச்சாட்டுப் பதிவு பண்ணிடுச்சாங்கறதும் அங்கயே இருக்கும். கேஸ் நம்பரை கோர்ட் கேஸ் விவரம் பாக்குற இ-கோர்ட்ஸ் சைட்ல போட்டா இப்போ எந்த நிலைமையில இருக்குன்னு வந்துடும்.

கட்சியில எப்படி வளர்ந்தாருன்னு பாக்க பழைய தேர்தல் முடிவுகள்ல அவரு பேரைத் தேடுங்க, கவுன்சிலர் தேர்தலையும் விடாதீங்க, தோத்த வருஷத்தையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க. எடப்பாடி பழனிசாமியையே எடுத்துக்கோங்க, 1989, 1991ல எடப்பாடில ஜெயிச்சாரு, 1996ல தோல்வி, 1998ல திருச்செங்கோடு எம்பி, 2006ல திரும்பவும் தோல்வி, 2011ல ஜெயிச்சு வந்து 2017ல முதலமைச்சர். நடுவுல தோத்த அந்த வருஷங்கள்ல கட்சி ஏன் அவரை விடலங்கறதுதான் தேடிப் படிக்க வேண்டிய விஷயம், ஜெயிச்ச கதையை எல்லாரும் எழுதிடுவாங்க.

கடைசியா தேர்தல் செலவுக் கணக்கு. ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அதிகாரிகிட்ட, அதாவது கலெக்டர்கிட்ட குடுத்தாகணும். கலெக்டர் ஆபீஸ் தேர்தல் பிரிவுல போய்க் கேளுங்க, விதிப்படி 1 ரூபா ஃபீஸ் கட்டுனா யாரு வேணா பாக்கலாம்.