இதயப்புழு கண்ட நாயின் இரத்தக் குழாய்களைக் காப்பது எப்படி?

கொசுக்கடி வழியே நாயின் உடலுக்குள் நுழையும் இதயப்புழு ஆறேழு மாதங்களில் முதிர்ந்து நுரையீரல் தமனிகளில் தங்கிவிடுகிறது. 25 செ.மீ.க்கும் மேல் வளரும் பெண் புழு குழாயை அடைப்பதுதான் கேடு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் புழு வெளிவிடும் பொருள்கள் செய்யும் கேடு அடைப்பைவிடப் பரவலானது.

தமனியின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல் அடுக்கு, இரத்த ஓட்டம் கூடும்போது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்தும். புழுவின் சுரப்புகளும் கழிவுகளும் இந்தத் தளர்வைக் குலைக்கின்றன. புழுவே இல்லாத தொடைத் தமனியிலும் இம்மாற்றம் ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. புழு தங்கிய இடத்திலோ உட்சுவர் தடித்துச் சொரசொரப்பாகிறது; நாளடைவில் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் திணறத் தொடங்குகிறது.

தளர முடியாத குழாய்க்குள் வேகமாக இரத்தத்தைச் செலுத்துவது ஆபத்து என்பதால், நோய் உறுதியான அன்றே ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்திவிடுங்கள். சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லும்போதும் கழுத்துக் கயிறு கையில் இருக்கட்டும். மருத்துவர் முதலில் டாக்ஸிசைக்ளின் தருவது புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவைக் குறைப்பதற்காக. புழு சாகும்போது இந்த பாக்டீரியா வெளிப்பட்டு அழற்சியைத் தூண்டும். பின்னர் முதிர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி முதுகுத் தசையில் போடப்படும். செத்த புழுவின் துண்டுகள் நுரையீரலின் சிறு குழாய்களில் சிக்கும் காலம் அதுதான். ஆகவே கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை ஓய்வைத் தளர்த்தாதீர்கள். நாய் துள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து மனமிரங்கி அவிழ்த்துவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

ஒவ்வொரு இரவும் நாய் அயர்ந்து உறங்கும்போது விலாவைக் கவனியுங்கள்; ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவது தொடர்ந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பானாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள். இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் (இதயப்புழு ஈனும் குஞ்சுகள்) மொத்தமாக மடிந்தால் நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். மருத்துவர் அளந்து தரும் மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுத்து, கடைசி ஊசியிலிருந்து 9 மாதம் கழித்து, புழு எஞ்சியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கும் ஆன்டிஜன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.