ராமேஸ்வரம், மண்டபம் கரையில் விடுதி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017-ல் சாலை போட்டதிலிருந்து தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை வண்டிகள் நேராகவே போகின்றன. கூடவே பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமெல்லாம் விடுதிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் கரை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது மணலுக்கு அடியில் நிற்கும் நல்ல தண்ணீர். அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டடத்தைத் தொடங்குவதுதான் முதல் தவறு.

தனுஷ்கோடியில் மூன்று நான்கு அடி மணலைத் தோண்டினால் ஊத்து கிடைக்கும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்வார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் குடிக்க முடிகிறது என்றால், மழைத்தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அந்த மேல் ஓரடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால், அடியிலிருக்கும் உப்பு அதே விகிதத்தில் மேலேறும். "தண்ணி உப்பாயிருச்சு, இன்னும் ஆழமா போர் போடுவோம்" என்று இறங்குவது இருப்பதையும் கெடுக்கும்.

ஆழமில்லாத உறைக்கிணறுகளை இடைவெளி விட்டு இரண்டு மூன்றாகத் தோண்டுங்கள். சிறிய மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஊற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கினால் இறைப்பைக் குறைக்க வேண்டும், ருசி மாறும்வரை காத்திருக்கக் கூடாது. கடற்கரை விடுதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் எல்லை) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கவே விதி இடம் தருவதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் உப்புக் கழிவைத் தோட்டத்து மணலில் விடுவதும் கிணற்றில் உப்பைக் கொட்டுவதும் ஒன்றுதான்.

கணக்கைச் சாதாரண நாளுக்குப் போடாதீர்கள். ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது வழக்கமான அளவு. 20 அறை, அறைக்கு இருவர் என்றால் 7,200 லிட்டர். ஆடி அமாவாசைக்கு அறைக்கு ஐந்து பேர் தங்கினால் 18,000. அந்த மிச்சத்தை லாரித் தண்ணீரில் சமாளிப்பது அடுத்த ஊர்க் கிணற்றை வற்றடிப்பதுதான். 1,000 சதுர அடி மொட்டைமாடியில், 800 மி.மீ. மழைக்கு, சிந்தியது போக 60,000 லிட்டர் பிடிக்கலாம். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் விழும் என்பதால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க்கோடு உறிஞ்சுகுழி வெட்டுவதும் இங்கே ஆபத்து. நான்கு அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தில் குழியே தண்ணீருக்குள் நிற்கும், கழிவு வடிகட்டாமல் கிணற்றுக்குப் போய்விடும். அடைத்த தொட்டியாகக் கட்டி, லாரி வைத்து எடுங்கள். அல்லது தரைக்கு மேலே நாணல் பாத்தி போட்டுச் சுத்திகரியுங்கள்.

படகுச் சவாரிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் கடலைப் பார்த்து அனுப்ப வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடையில் தலைகீழ். மன்னார் வளைகுடாவில் உள்ள சிறு தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம். பிச்சைமூப்பன்வலசையிலும் காரங்காட்டிலும் முறையான சூழல் சுற்றுலா இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். நங்கூரத்தைப் பவளப்பாறை மேல் போட விடாதீர்கள். வேகமாக வளரும் கிளைப் பவளமே வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுதான் வளரும், உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர். ஒரு நங்கூரம் இழுபட்டால் பல வருட வளர்ச்சி ஒரே நொடியில் நொறுங்கும். சித்திரை, வைகாசியில் கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் நேரத்தில் அதன்மேல் யாரும் கால் வைக்கவே கூடாது.

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் துணியைக் கடலிலேயே விடும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்தப் பக்கம் பெண் கடல், அலை குறைவு. விட்ட துணி வெளியே போகாமல் மணலேறி அடியில் தங்கிக் கடற்புல்லை மூடும், வலையில் சிக்கும், குளிப்பவர் காலையும் சுற்றும். அறைச் சாவியோடு ஈரத்துணிக்கு ஒரு துணிப்பை கொடுத்து, "திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள்.

மணல்மேட்டைச் சமன்செய்யாதீர்கள். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜீப் சக்கரம் ஏறினால் வேர் அறுந்து மேடு கரையும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் காலம். கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும்.