செட்டிநாட்டுக்கு வர்றவங்க விமானத்துல எந்தப் பக்கம் ஜன்னல் சீட் எடுக்கணும்?

காரைக்குடிக்கு நேரா பயணிகள் விமானம் கிடையாது, திருச்சியிலயோ மதுரையிலயோ இறங்கி கார் புடிச்சுதான் வரணும், அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா டிக்கெட் போடும்போது ஏதோ ஒரு ஜன்னல் கிடைச்சா போதும்னு அமுக்கிட்டு விட்டுடறோம். எந்தப் பக்கம்ங்கறதுதாங்க முக்கியம், அதுவும் வெளிநாட்டுலயே பொறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றப்ப கட்டாயம் பாத்து எடுங்க. சின்ன விமானத்துல முன்னால பாத்து உக்காந்தா ஏ இடது, எஃப் வலது.

சிங்கப்பூர், கோலாலம்பூர்லேருந்து திருச்சின்னா எஃப். வங்காள விரிகுடாவைத் தாண்டி மேற்கு பாத்து வர்றதால வலது பக்கம் வடக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமாத்தான் கரை ஏறும், நம்ம ஐயாக்கள் காலத்துல ரஜூலா கப்பல்ல பினாங்குக்கு ஏறுனது இந்த நாகப்பட்டினத்துலதான், பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்க. அப்புறம் டெல்டா வயல். ஏர்போர்ட் ஊருக்குத் தெக்க இருக்கு, அதனால கிழக்கேருந்து நேரா இறங்குனா மலைக்கோட்டை, காவிரி, கொள்ளிடம், ரெண்டுக்கும் நடுவுல ஸ்ரீரங்கத்துத் தீவு எல்லாமே வலது பக்கம் வரும், 236 அடி ராஜகோபுரத்தைக் கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. காத்தைப் பொறுத்து சுத்தி வந்து மேற்கேருந்து இறங்குனா ஊர் இடது பக்கம் போயிடும், அது நம்ம கையில இல்ல. தை மாசத்துல சூரியன் தெக்க சாஞ்சிருக்கறதால ஏ சீட்ல பளீர்னு கண்ணுல அடிக்கும், அதுக்காகவும் எஃப்தான். திரும்பிப் போறப்ப அப்படியே மாத்தி ஏ எடுங்க.

நம்ம ஊரையே மேலேருந்து பாக்கணும்னா கொழும்பு வழியா திருச்சி வாங்க, இடது பக்கம் உக்காருங்க. கொழும்பையும் திருச்சியையும் நேர்கோடு போட்டுப் பாத்தா ராமேஸ்வரம், பாம்பன் கிட்ட கடலைத் தாண்டி, தேவகோட்டை காரைக்குடிக்குக் கொஞ்சம் கிழக்கால போகுது, அதுவும் இறங்க ஆரம்பிக்கற நேரம், உயரம் கொறஞ்சிடும். வளைஞ்ச கரையோட பெருசா கிடக்கறது கண்மாய், நாலு பக்கமும் கல்லு கட்டி சதுரமா தெரியறது ஊருணி, இது ரெண்டையும் வச்சுத்தான் ஊரைக் கண்டுபிடிக்கணும். தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெரு வரைக்கும் நீண்டு போற ஓட்டுக் கூரை, நடுநடுவுல சதுரமா திறந்த வளவு, அதாவது முற்றம், அதைப் பாத்தா செட்டிநாட்டு வீடுன்னு சந்தேகமே வராது. காலை வெயில் அந்தப் பக்கம் நல்லா விழும். சேதுவோட மணல் திட்டு மட்டும் வலது பக்கம், அதை விட்டுக்கொடுத்துதான் ஆகணும், நான் ஊரைத்தான் பாப்பேன்.

சென்னை மாறி மதுரைக்கு வர்றவங்க நேரத்தைப் பாருங்க. சாயங்கால விமானம்னா ஏ, திருச்சி தாண்டுனதும் இடது பக்கம் தூரத்துல புதுக்கோட்டை, திருமயம், நம்ம பக்கம். காலையில அந்தப் பக்கம் சூரியன் எதிர்ல நிக்கும், அப்ப எஃப், பச்சைமலை, சிறுமலை, அழகர்மலை வரிசையா வரும்.

வரிசை விஷயத்துல றெக்கைக்கு முன்னால எடுங்க, பின்னால எஞ்சின் சூடு காத்துல போட்டோ கலங்கித் தெரியும். போயிங் 737-800 விமானத்துல இடது பக்கம் றெக்கைக்கு முன்னால ஒரு சீட்ல ஜன்னலே இருக்காது, ஏசி குழாய் உள்ள போகுது, காசு கட்றதுக்கு முன்னாடி சீட் மேப் பாத்துக்கோங்க. ஏடிஆர்ங்கற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம் கிடைச்சா கவலையே இல்ல, றெக்கை மேல இருக்கறதால கீழ மறைக்காது, கொஞ்சம் தாழவும் பறக்கும்.

மாசம்னு கேட்டா தைதான். ஐப்பசி கார்த்திகையில மேகம் மூடிடும், சித்திரையில கண்மாய் வத்தி செம்மண்ணுதான் தெரியும். தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வைக்கற நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு வர்றவங்களுக்கு, மழை நல்லா பெஞ்ச வருஷமா இருந்தா கண்மாயெல்லாம் தண்ணி பளபளன்னு நிக்கும், டிக்கெட் போடும்போதே சீட்டையும் சேத்துப் போட்டுடுங்க, அந்த வாரம் ஜன்னல் சீக்கிரம் காலியாயிடும்.