கையொப்பமிட்ட மென்பொருளில் ஆட்வேர் இருக்கிறதா? தொடக்கநிலையினருக்கான சோதனை முறை

இலவச மென்பொருள் ஒன்றை நிறுவத் தொடங்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து அனுமதி கேட்கும். அதில் ‘வெரிஃபைட் பப்ளிஷர்’ என்ற சொற்களுக்கு அருகில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், பலர் அதை நம்பி உடனே ‘யெஸ்’ அழுத்திவிடுகிறார்கள். மறுநாள் உலாவியின் முகப்புப் பக்கம் மாறியிருக்கிறது, தேடுபொறி மாறியிருக்கிறது, திறக்காத விளம்பரங்கள் தாமாகத் திறக்கின்றன. இப்படி விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருள்தான் ஆட்வேர். பெட்டியில் பார்த்த அந்த நிறுவனப் பெயர், கோப்பில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்திலிருந்து வருவது.

மைக்ரோசாஃப்ட் 1996-இல் கொண்டுவந்த ஆதென்டிகோட் முறைதான் இன்றும் விண்டோஸ் மென்பொருள்களின் கையொப்பத்துக்கு அடிப்படை. கோப்பில் கையொப்பமிட்டது யார், அதற்குப் பிறகு கோப்பு மாற்றப்பட்டிருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே அது சொல்கிறது. ஒரு கடிதத்தின் அடியில் கையெழுத்து இருந்தால் எழுதியவர் யார் என்று தெரியும், எழுதியது உண்மையா என்று தெரியாது. டிஜிசெர்ட், செக்டிகோ போன்ற சான்றளிப்பு நிறுவனங்கள் விண்ணப்பித்தவரின் அடையாளத்தைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகின்றன. அவர் அதைக் கொண்டு கையொப்பமிடும் ஒவ்வொரு கோப்பையும் ஆராய்வதில்லை. ஆட்வேர் தயாரிப்பவர்களில் பலர் முறையாகப் பதிவுபெற்ற நிறுவனங்களை நடத்துபவர்கள். பணம் கட்டி அவர்களும் சான்றிதழ் வாங்கலாம்.

ஆகவே கையொப்பத்தைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகும் சோதனையைத் தொடர வேண்டும்.

படி 1: கோப்பைத் திறக்காமல் கையொப்பத்தைப் படியுங்கள்

பதிவிறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற தாவலுக்குச் செல்லுங்கள். பட்டியலில் உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்து ‘டீடெய்ல்ஸ்’ அழுத்துங்கள். கையொப்பம் சரியாக உள்ளது என்ற வரி மேலே இருக்க வேண்டும். செல்லாது என்று வந்தால், கோப்பு வழியில் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது பதிவிறக்கம் பழுதாகியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

அடுத்து ‘வியூ சர்ட்டிஃபிகேட்’ அழுத்தினால் சான்றிதழ் யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கியது, எதுவரை செல்லும் என்பவை தெரியும். காலாவதித் தேதி கடந்திருந்தால் பதற வேண்டாம். சான்றிதழ் நடப்பில் இருந்தபோதே கையொப்பமிட்டதற்கான நேரமுத்திரை கோப்பில் இருந்தால், அந்தக் கையொப்பம் பின்னரும் செல்லும்.

தாவலே இல்லையென்றால் கோப்புக்குள் கையொப்பம் இல்லை என்று பொருள். அதை வைத்து மட்டும் கோப்பைத் தீயது என்று முடிவுகட்ட வேண்டாம். சான்றிதழுக்கு ஆண்டுதோறும் செலவாகும். 2023 ஜூன் முதல் அதற்குரிய சாவியை, அதாவது கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீட்டை, பாதுகாப்பான வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. தன்னார்வலர்களுக்கு இது பெரிய சுமை. கோப்புகளைச் சுருக்க உலகம் முழுவதும் பயன்படும் 7-ஜிப் மென்பொருள் பல ஆண்டுகள் கையொப்பமின்றியே வெளிவந்திருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றிலும் இந்தத் தாவல் இருக்காது, ஏனெனில் அவற்றின் கையொப்பம் தனிப் பட்டியல் கோப்பில் இருக்கும்.

படி 2: நீங்கள் தேடிய பெயரும் கையொப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றா?

ஆட்வேர் பல நேரம் இந்த இடத்திலேயே பிடிபடும் என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள். விஎல்சி பிளேயரின் நிறுவல் கோப்பு என்றால் கையொப்பத்தில் வீடியோலான் என்ற பெயர் இருக்க வேண்டும். அங்கே தொடர்பே இல்லாத ஒரு விளம்பர நிறுவனத்தின் பெயர் இருந்தால், உங்களிடம் இருப்பது விஎல்சியைச் சுற்றி வேறொருவர் போர்த்திய உறை. அது உண்மையான மென்பொருளையும் நிறுவும். கூடவே நீங்கள் கேட்காதவற்றையும் நிறுவும்.

இப்படி நடந்ததற்குச் சான்றுகள் உண்டு. 2011-இல் டவுன்லோட்.காம் தளம், என்மேப் என்னும் வலையமைப்புச் சோதனைக் கருவியைத் தன் சொந்த நிறுவியில் பொதிந்து கொடுத்தது. கவனிக்காமல் ஒப்புக்கொண்டவர்களின் உலாவியில் கருவிப்பட்டை ஏறியது, தேடுபொறியும் முகப்புப் பக்கமும் மாறின. என்மேப்பை உருவாக்கிய கோர்டன் லயன் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2015-இல் ஜிம்ப் ஓவிய மென்பொருளின் விண்டோஸ் நிறுவிக்கு சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இதே கதி நேர்ந்தது. இரண்டிலும் மூல மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை. தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பைச் சொடுக்காமல், உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்கே சென்று பதிவிறக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 3: வைரஸ்டோட்டலில் சோதியுங்கள்

பெயர் சரியாக இருந்தாலும் உள்ளே விளம்பரக் கூறு இருக்கலாம். கோப்புகளைப் பதிவிறக்க உதவும் மியூடோரன்ட் மென்பொருளின் நிறுவியில் ஓபன்கேண்டி என்னும் விளம்பரக் கூறு ஒருகாலத்தில் அந்நிறுவனத்தாலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் இழுத்துப் போடுங்கள். 2012 முதல் கூகுளுக்குச் சொந்தமான இத்தளம், பல பாதுகாப்பு நிறுவனங்களின் சோதனை நிரல்களை ஒரே கோப்பின் மீது ஓட்டிக் காட்டுகிறது. பொதுவில் கிடைக்கும் நிறுவல் கோப்புகளை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றிய கோப்பு பிற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் என்பதால் வங்கி அறிக்கை, அலுவலக ஆவணம் போன்றவை அங்கே போகவே கூடாது.

எத்தனை சிவப்புக் குறிகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவற்றின் அருகில் உள்ள பெயர்களைப் படியுங்கள். ஆட்வேர், பியுபி அல்லது பியுஏ (விரும்பத்தகாத மென்பொருள்), பண்ட்லர் (கூடுதல் மென்பொருளைச் சேர்த்து நிறுவுவது) ஆகிய சொற்கள் பல நிறுவனங்களின் முடிவுகளில் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே வேண்டாத கூறு இருக்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். காஸ்பர்ஸ்கி, ஆட்வேர் வகைக்கு ‘நாட்-எ-வைரஸ்’ என்ற முன்னொட்டை இடுகிறது. அதை மட்டும் படித்துவிட்டுக் கோப்பு பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அடுத்து வரும் சொல்தான் முக்கியம். அதிகம் அறியப்படாத ஒரே ஒரு நிரல் மட்டும் பொதுவான பெயரில் எச்சரித்தால், அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

பிறகு ‘டீடெய்ல்ஸ்’ தாவல். கோப்பு முதன்முதலில் இத்தளத்துக்கு வந்த தேதி அங்கே இருக்கும். இன்றுதான் வந்தது என்றால் எல்லாம் பச்சையாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. சில நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். சான்றிதழை வழங்கியவரே ரத்து செய்திருந்தால் அதுவும் இங்கே தெரியும். எஸ்எச்ஏ-256 என்ற நீண்ட எண்ணெழுத்து வரிசையையும் கவனியுங்கள், அது கோப்பின் கைரேகை போன்றது. வீடியோலான் போன்றவர்கள் தங்கள் பதிவிறக்கப் பக்கத்தில் இதை வெளியிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அவர்கள் வெளியிட்ட அதே கோப்புதான் உங்கள் கையில் இருக்கிறது. கையொப்பமில்லாத கோப்புகளுக்கு இது மிகவும் உதவும்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் ஆபத்து நேர்ந்த நிகழ்வு உண்டு. 2017-இல் கணினியைத் துப்புரவு செய்யும் சிசிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, முறையான தளத்தில், முறையான கையொப்பத்துடன், உள்ளே தீய நிரலோடு ஏறத்தாழ ஒரு மாதம் கிடைத்துக்கொண்டிருந்தது.

படி 4: விண்டோஸையும் காவலுக்கு வையுங்கள்

‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் ‘ரெப்யூடேஷன்-பேஸ்டு புரொடெக்‌ஷன்’ அமைப்புக்குச் செல்லுங்கள். விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் தெரிவு அங்கே இருக்கிறது. அதன் கீழ் உள்ள இரண்டு பெட்டிகளையும் குறியிடுங்கள்.

நிறுவும்போது ‘கஸ்டம்’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ வழியைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் மென்பொருளுக்கான குறிகளை நீக்குங்கள்.

ஏற்கனவே நிறுவிவிட்டீர்களா?

நிறுவிய செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, அதே நாளில் வந்த அறிமுகமில்லாதவற்றை நீக்குங்கள். உலாவியின் நீட்டிப்புகளையும் பாருங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் கருவியைத் திறந்து, கையொப்பங்களைச் சரிபார்க்கும் தெரிவை இயக்குங்கள். கணினியோடு சேர்ந்து தாமாகத் தொடங்கும் ஒவ்வொன்றின் அருகிலும் வெளியீட்டாளர் பெயர் வரும். ‘வெரிஃபைட்’ என்று இருந்தாலும் பெயரை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஐயமானதை உடனே அழிக்காமல் குறியை மட்டும் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். எல்லாம் சரியாக இயங்கினால் அதன் பிறகு அழிக்கலாம். மிச்சம் மீதி இருப்பதைத் தேட மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்கிளீனர் போதும், அதற்குக் கட்டணமில்லை. அதையும் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள், ஏனெனில் அதன் பெயரிலேயே போலிக் கோப்புகள் உலவியிருக்கின்றன.