பாட்டைத் தேடும் முன் குரலை அளந்துகொள்ளுங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் காலையில் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். மேலே இறங்கி இன்னொரு வண்டி பிடித்தால் என் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை மொத்தம் 41 பிள்ளைகள். தலைமை ஆசிரியையும் நானும் என்று இரண்டே பேர். பாட்டு டீச்சர் தனியாகக் கிடையாது. நானும் முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை. சின்ன வயதில் இரண்டு வருஷம் ஆர்மோனியம் தட்டியதோடு சரி. ஆனாலும் ஆண்டு விழா என்றால் பாட்டு நிகழ்ச்சி முழுக்க என் பொறுப்பு. ஒரு போனும் பள்ளியின் பழைய மடிக்கணினியும் வைத்துக்கொண்டு அதை எப்படித் திட்டமிடுகிறேன் என்பதை, என்னைப் போல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். யூடியூபில் ஒரு பழைய சினிமாப் பாட்டின் கரோக்கேயைத் தேடி எடுத்து, பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தினேன். ஆண் குரலுக்குப் போட்ட இசை அது. அதே இடத்தில் பாடினால் பிள்ளைகளுக்கு உறுமல்தான் வந்தது. ஒரு ஸ்தாயி, அதாவது ச-விலிருந்து அடுத்த மேல் ச வரையான உயரம், தூக்கிப் பாடச் சொன்னால் அனுபல்லவியில் நரம்பு புடைக்கக் கத்தினார்கள். மூன்று வாரம் திட்டித் திட்டிப் பழக்கினேன். தப்பு பிள்ளைகளிடம் இல்லை, பாட்டின் கட்டையில், அதாவது அதன் சுருதி உயரத்தில் இருந்தது என்று எனக்கு உறைக்க அடுத்த வருஷம் ஆகிவிட்டது.

அதனால் இப்போது முதல் வேலை குரலை அளப்பது. போனில் டியூனர் என்று தேடினால் இலவச ஆப் எத்தனையோ கிடைக்கும். இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது பாடினால் அது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று சி4, டி4 என எழுத்தில் காட்டும். ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6. பக்கத்திலுள்ள 4 என்ற எண் கீபோர்டின் நடு ஸ்தாயியைக் குறிக்கிறது. இந்த அளவு தெரிந்தால் போதும்.

பிள்ளையைக் கூப்பிட்டு 'ச ரி க ம பாடு' என்று சொல்லாதீர்கள். பயந்துபோய், பேசும் குரலிலேயே முணுமுணுக்கும். எங்கள் ஊரில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் நிற்பவரை 'ஓ...ய்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடச் சொல்வேன். அந்தக் குரல் தானாக மேலே போய் நிற்கும். அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால், எந்த இடத்தில் காற்றாகிறது என்று தெரிந்துவிடும். கீழிருந்து மேலே ஏற்றினால் பாதியிலேயே இறுக்கிப் பிடித்துக் கத்த ஆரம்பிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. 41 பேரையும் மூன்று நாள் மதிய இடைவேளையில் முடித்துவிட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த கணக்கு இது: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு டி4-இலிருந்து ஏ4 வரை வசதி. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு சி4 முதல் சி5 வரை. ஒன்றிரண்டு பேர் அதற்கும் மேலே போகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் மாறலாம். எட்டாத உயரத்துக்குப் போகும் ஒரு பிள்ளையை வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாருக்கும் பொதுவாக வரும் இடம் எதுவோ அதுதான் கணக்கு. அந்த ஒரு பிள்ளைக்குத் தனியாக நான்கு வரி கொடுத்துக்கொள்ளலாம்.

அளந்ததை கூகுள் ஷீட்ஸில் போடுகிறேன். பெயர், வகுப்பு, கீழ் எல்லை, மேல் எல்லை என நான்கே பத்தி. மலை ரோட்டில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால், வீட்டில் இருக்கும்போதே அந்தக் கோப்புக்கு ஆஃப்லைன் வசதியை ஆன் செய்துவிடுவேன். பஸ்ஸில் திருத்தியதெல்லாம் சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். வளைவுகளில் தலை சுற்றும் என்பவர்கள் வீட்டிலேயே செய்யுங்கள். எனக்குப் பழகிவிட்டது.

இப்போது பாட்டைத் தேடலாம். ஒரு பாட்டு பிடித்திருந்தால், அதை நீங்களே பாடி, அதன் ஆகக் கீழ்ச் சுரம் எது, ஆக மேல்ச் சுரம் எது என்று அதே டியூனரில் பாருங்கள். இரண்டையும் சேர்த்து ஐந்து சுரத்துக்குள் அடங்கினால் சின்ன வகுப்புக்கு. எட்டு என்றால் பெரிய வகுப்புக்கு. அதற்கு மேல் போனால் எவ்வளவு நல்ல பாட்டானாலும் விட்டுவிடுங்கள். அகலம் சரியாக இருந்து இடம் மட்டும் தப்பாக இருந்தால் வழி இருக்கிறது. மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள். எஃபெக்ட் பட்டியலில் 'சேஞ்ச் பிட்ச்' இருக்கும். வேகம் மாறாமல் சுருதியை மட்டும் அரை அரைக் கட்டையாக ஏற்றலாம், இறக்கலாம். பக்கத்திலேயே 'சேஞ்ச் டெம்போ'. அது சுருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும். இரண்டு மூன்று அரைக் கட்டை வரை காதுக்குத் தெரியாது. ஐந்து ஆறு ஏற்றினால் மிருதங்கம் தகர டப்பா போலாகிவிடும். அந்த அளவு ஏற்ற வேண்டியிருந்தால், கரோக்கேயைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருதியை விடாமல் ஒலிக்கும் தம்புரா ஆப்பையும் கைத்தட்டலையும் வைத்துக்கொள்வது மேல். உண்மையைச் சொன்னால், கரோக்கே இல்லாத பாட்டுகள்தான் எங்கள் விழாவில் நன்றாக வந்திருக்கின்றன.

தமிழ்த்தாய் வாழ்த்து தினமும் காலையில் பாடுவதுதானே என்று அதை ஒத்திகைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் யார் முதலில் எடுத்துக்கொடுக்கிறார்களோ அவர்கள் கட்டையில் போகும். இப்போது காலை வழிபாட்டுக்கு முன் தம்புரா ஆப்பை பத்து விநாடி ஓடவிடுகிறேன். ஒரே மாதத்தில் பிள்ளைகள் அந்தச் சட்ஜத்தில், அதாவது அதன் ச-வில், வந்து உட்கார்ந்தார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே மோகன ராகம், 55 விநாடி என்று இருக்கிறது. நாட்டுப்பண் சுமார் 52 விநாடி. விழாவில் முதலும் கடைசியும் இந்த இரண்டும்தான். நேரக் கணக்கில் சந்தேகமே இல்லாத இரண்டு வரிகள்.

மோகனம் என்றதும் இன்னொன்று. க்ரோம் மியூசிக் லேப் என்ற கூகுளின் இலவசத் தளத்தில் சாங் மேக்கர் என்று ஒரு பலகை உண்டு. கட்டங்களைத் தொட்டால் சுரம் ஒலிக்கும். அதன் அமைப்புகளில் ஸ்கேல் என்ற இடத்தில் பென்டடோனிக்கைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தே சுரம்தான் வரும்: ச ரி க ப த. நம் மோகனத்தின் சுரங்களேதான். பிள்ளைகள் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் காதுக்கு உறுத்தாது. ஐந்தாம் வகுப்பு நாலு நாலு பேராகப் பிரிந்து ஆளுக்கொரு மெட்டுப் போட்டது. சேமித்தால் ஒரு லிங்க் கிடைக்கும். இதற்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது சில்வர் ஓக் மரத்தடியில்தான் என்பதால் அன்று வகுப்பே மரத்தடியில் நடந்தது. அதில் ஒரு மெட்டுக்கு அவர்களே காபிப் பழம் பறிப்பதைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டார்கள். அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது.

ஒத்திகைக்கு விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம் போடுங்கள். தினமும் 15 நிமிடம் போதும். காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்துக்குப் போன அம்மாவோடு போய்விடுவார்கள். அதனால் விழாவையே பிப்ரவரிக்குத் தள்ளிவைத்துவிட்டோம்.

இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு நான் கண்ட பெரிய உதவி, எதிரொலிக் கோப்பு. அமைதியான இரவில் என் குரலிலேயே பாட்டை ஒவ்வொரு வரியாகப் போனில் பதிவு செய்கிறேன். ஆடாசிட்டியில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அதே நீளத்துக்கு மௌனத்தைச் செருகுகிறேன். ஜெனரேட் பட்டியலில் சைலன்ஸ் இருக்கிறது. ஸ்பீக்கரில் ஓடவிட்டால் நான் ஒரு வரி பாடுவேன், இடைவெளியில் பிள்ளைகள் பாடுவார்கள். தலைமை ஆசிரியை பயிற்சிக்குப் போன நாளில், நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் என் குரல் ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது. 'டீச்சர், நீங்க அங்கயும் இருக்கீங்க' என்றாள் ஒருத்தி. முதல் வாரத்துக்கு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு கோப்பு, மூன்றாம் வாரத்துக்குச் சரியான வேகத்தில் ஒன்று. அதே கோப்பைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். படிக்கத் தெரியாத அம்மாக்களும் கேட்கலாம் அல்லவா. என்னென்ன உடை வேண்டும் என்பதையும் எழுதாமல் குரல் பதிவாகவே அனுப்புகிறேன்.

நிகழ்ச்சி வரிசைக்கு ஷீட்டில் இன்னொரு பக்கம். வரிசை எண், பாட்டு, யார் யார், எவ்வளவு நேரம், மேடை மாற எவ்வளவு நேரம், எத்தனை மைக். தொடங்கும் நேரத்தோடு இந்த இரண்டு நேரத்தையும் கூட்டினால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று தானே வரும். இங்கே ஒரு குழி இருக்கிறது. மூன்றரை நிமிடத்தை 3:30 என்று அடித்தால், ஷீட் அதை மூன்றரை மணி நேரமாக எடுத்துக்கொள்ளும். முதல் தடவை ஒன்பது நிகழ்ச்சிகளைப் போட்டுவிட்டுப் பார்த்தால், விழா மறுநாள் ராத்திரி முடிவதாகக் காட்டியது. 0:03:30 என்று முழுதாக அடியுங்கள். மேடை மாறும் நேரத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். ஒன்றாம் வகுப்பு மேடை ஏறி வரிசையில் நிற்க ஒன்றரை நிமிடம். அதில் ஒன்று அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டும், அதையும் சேர்த்துத்தான். ஒரே பிள்ளை அடுத்தடுத்த இரண்டு நிகழ்ச்சியில் இருந்தால் உடை மாற்ற முடியாது. பெயரை ஷீட்டில் தேடினால் எந்தெந்த வரிசையில் வருகிறது என்று காட்டிவிடும். எங்களுக்கு மூன்றரை மணிக்குள் முடிந்தாக வேண்டும். அப்புறம் பனி இறங்கிவிடும்.

விழா நாளுக்கான கோப்புகள் எல்லாம் போனிலேயே இருக்க வேண்டும். அதே தொகுப்பு ஒரு பென் டிரைவிலும். யூடியூபை நம்பி மேடை ஏறாதீர்கள். கோப்பின் பெயரை 01, 02 என்று தொடங்கினால் வரிசை கலையாது. ஒன்று கத்தும், ஒன்று முனகும் என்று இல்லாமல் எல்லாவற்றையும் ஆடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கொடுத்துச் சமமாக்குங்கள். ப்ளூடூத் நடுவில் அறுந்துபோகும். மைக் செட்டுக்காரரிடம் ஒயர் இருக்கும், அதையே கேளுங்கள். புது போன்களில் ஜாக் துளை இருக்காது, டைப்-சி மாற்றி ஒன்று நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பின் நடனத்துக்கு நடுவில் என் மாமியார் கூப்பிட்டுவிட்டார். ரிங்டோன் ஊருக்கே கேட்டது. பிள்ளைகள் அதற்கும் ஆடினார்கள் என்பது வேறு விஷயம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதும் திட்டத்தில் சேர்த்தி. ஊருக்குக் கேட்கட்டும் என்று மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயின் ஓசை மேடைக்கு வர பத்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இல்லாததால் பிள்ளைகள் அந்தக் குழாயைக் கேட்டுப் பாடினார்கள். எதிரே மேளத்தோடு உட்கார்ந்திருந்தவருக்குத் தாளம் பின்னால் பின்னால் விழுந்தது. சின்ன ஸ்பீக்கராக இருந்தாலும் ஒன்று பிள்ளைகளைப் பார்த்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி விழாவில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோர் முன்னால் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதையே யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. சினிமா இசையைத் தளம் தானாகவே கண்டுபிடித்துவிடும். பாரதியார் பாடல்கள் 1949-லேயே நாட்டுடைமை ஆனவை. உங்கள் சொந்த மெட்டில் பாடினால் பிரச்சினை இல்லை. எப்படியானாலும் பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

விழா முடிந்து கீழே இறங்கும் பஸ்ஸிலேயே, ஷீட்டில் 'நடந்தது' என்ற பத்தியை நிரப்பிவிடுவேன். மறுநாள் கேட்டால் ஞாபகம் இருக்காது. போன விழாவில் ஏறக்குறைய எல்லாமே திட்டத்துக்கு அரை நிமிடம் முன்பின். ஏழாவது மட்டும் இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் மேளம் அடிக்கும் ஒரு தாத்தா, பேரப்பிள்ளைகளின் காபிப் பாட்டுக்கு வாசிக்க வந்திருந்தார். 'ரெண்டே நிமிஷம் தாத்தா' என்று சொல்லித்தான் மேடை ஏற்றினேன். 'ஆகட்டும் டீச்சரம்மா' என்றார். பாட்டு முடிந்தது, அவர் முடிக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று ஆட ஆரம்பிக்க, முன்வரிசைப் பாட்டிகளும் எழுந்துவிட்டார்கள். திட்டம் 0:02:00, நடந்தது 0:11:00. அடுத்த வருஷ ஷீட்டில் அவருக்கு 0:12:00 போட்டிருக்கிறேன்.